குணமாக்கியது கத்தியா?

ஒரு சிகிச்சைக்குப் பிறகு நோயாளிக்கு வலி குறைந்தால், அதைக் குறைத்தது அந்தச் சிகிச்சைதான் என்று சொல்லிவிடலாமா? அவசரப்பட வேண்டாம் என்று எச்சரிக்கும் ஆய்வு ஒன்று 2002ஆம் ஆண்டு ஜூலையில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' என்னும் மருத்துவ இதழில் வெளியாயிற்று. அதை நடத்தியவர்கள் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்து எலும்பு அறுவை நிபுணர் டாக்டர் புரூஸ் மோஸ்லியும் அவருடைய குழுவினரும் ஆவர். மோஸ்லி, ஹூஸ்டன் ராக்கெட்ஸ் என்னும் கூடைப்பந்துக் குழுவின் மருத்துவராகவும் இருந்தவர்.

முதலில் நோயைப் பார்ப்போம். முழங்கால் மூட்டில் எலும்பு முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. வயது, உடற்பருமன், பழைய விளையாட்டுக் காயம் முதலிய காரணங்களால் இது சிதைந்து மூட்டு பாதிக்கப்படுவதே ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ். மூட்டுத் தேய்மானம் என்று நாம் சொல்வது இதைத்தான். ஆர்த்ராஸ்கோப் என்னும் மெல்லிய குழாய்க் கருவியைச் சிறு துளை வழியே செலுத்தி, மூட்டை உப்புநீரால் கழுவுவதும், பிசிறுகளைச் செதுக்கி எடுப்பதும் அந்நாளில் பரவலாக நடந்தன. செய்துகொண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வலி குறைந்ததாகக் கூறினர்.

இங்கே ஓர் ஐயம் எழ வேண்டும். பௌதிக ஆய்வுக்கூடத்தில் கெய்கர் எண்ணியைப் பார்த்திருப்பீர்கள். கதிரியக்கப் பொருள் எதுவும் அருகில் இல்லாதபோதும் அது எதையாவது எண்ணிக்கொண்டே இருக்கும். இந்தப் பின்னணி எண்ணிக்கையைக் கழிக்காமல் விடை எழுதினால் அந்த விடை தவறு. நோயிலும் இத்தகைய பின்னணி உண்டு. மூட்டுவலி ஏறி இறங்கும் இயல்புடையது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் மக்கள் மருத்துவரை நாடுகின்றனர்; பிறகு அது தானாகவும் சற்றுத் தணியலாம். சிகிச்சை பெற்றோம் என்ற நம்பிக்கையும் வலியைக் குறைக்கும்.

கழுவுதல், செதுக்குதல் என்ற இரண்டையும் ஒப்பிடவே மோஸ்லி முதலில் எண்ணினார். பலன் வெறும் நம்பிக்கையால் வந்ததாக இருக்கக்கூடாதா என்று கேட்டவர் குழுவிலிருந்த டாக்டர் நெல்டா ரே. அதன்படி 180 நோயாளிகள் குலுக்கல் முறையில் மூன்று பிரிவுகளாக்கப்பட்டனர். யாருக்கு எது என்பது அறுவை அறையில் உறையைப் பிரித்த பிறகே மருத்துவருக்குத் தெரியும். மூன்றாம் பிரிவினருக்கு மயக்க மருந்து கொடுத்துத் தோலில் மட்டும் மூன்று சிறு கீறல்கள் போட்டார்கள். கருவிகளைக் கேட்டு வாங்கினார்கள். தண்ணீர்ச் சத்தம்கூட எழுப்பினார்கள். மூட்டுக்குள் எதுவும் செய்யவில்லை!

விளைவு என்ன? வலியை 0 முதல் 100 வரை அளந்தபோது, இரண்டு ஆண்டுகள் கழித்துச் சராசரி இவ்வாறு இருந்தது: கழுவப்பட்டவர்களுக்கு 53.7, செதுக்கப்பட்டவர்களுக்கு 51.4, போலி அறுவை பெற்றவர்களுக்கு 51.6. பின்னணியைக் கழித்தால் மீதம் ஏதுமில்லை.

நோயற்ற தோலைக் கீறியது முறையா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் போலி அறுவை மட்டுமே கிடைக்கக்கூடும் என்பதை அறிந்தே அவர்கள் கையெழுத்திட்டனர். தகுதியுள்ள 324 பேரில் 144 பேர் மறுத்துவிட்டனர். எனவே மறுக்கும் உரிமை ஏட்டளவில் நின்றுவிடவில்லை. சோதிக்கப்படாத ஓர் அறுவையை லட்சக்கணக்கானோருக்குச் செய்துகொண்டே இருப்பதைவிட, சம்மதித்த சிலரிடம் சோதித்தது மேல் என்பதே என் கருத்து.

குறைகளும் இல்லாமல் இல்லை. எல்லா அறுவைகளையும் செய்தவர் ஒரே மருத்துவர். நோயாளிகளில் பெரும்பாலோர் முன்னாள் படைவீரர்களான ஆண்கள். மூட்டுத் தேய்மானமோ பெண்களிடம் மிகுதி. முக்கியமான வலி அளவுகோல் இந்த ஆய்வுக்கென்றே உருவாக்கப்பட்டது. புதிய அளவுகோலைப் பழையதோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டாமா? இந்த ஒரே ஆய்வைக் கொண்டு தீர்ப்பு எழுதியிருந்தால் அது அவசரமாகவே இருந்திருக்கும்.

ஆனால் பிறரும் சோதித்தார்கள். 2008இல் வெளியான கனடா நாட்டு ஆய்வு, உடற்பயிற்சி மருத்துவத்தோடு அறுவையைச் சேர்த்ததால் கூடுதல் பலன் இல்லை என்றது. 2013இல் பின்லாந்து மருத்துவர்கள், மூட்டினுள் மெத்தைபோல் இருக்கும் மெனிஸ்கஸ் என்னும் குருத்தெலும்பு நாளடைவில் நைந்து கிழிந்த 146 பேரிடம் போலி அறுவையை ஒப்பிட்டு, அதே முடிவுக்கு வந்தனர். 2017இல் பிரிட்டிஷ் மெடிகல் ஜர்னலில் வந்த வழிகாட்டுதல், தேய்ந்த முழங்கால்களுக்கு இவ்வறுவை ஏறத்தாழ யாருக்குமே வேண்டாம் என்று பரிந்துரைத்தது.

இம்முடிவை எல்லை மீறி நீட்டிவிடக்கூடாது. ஆடுகளத்தில் அடிபட்டுத் தசைநார் அறுந்த இளைஞருக்கு ஆர்த்ராஸ்கோப் இன்றும் உதவுகிறது. நோயாளிகளின் வலி கற்பனை என்பதும் இதன் பொருளன்று. தேய்மானத்துக்குத் தொடை தசைகளை வலுவாக்கும் பயிற்சியும், பருமனானவர்கள் எடையைக் குறைப்பதுமே முதல் சிகிச்சை.

மாணவ நண்பர்களே, எத்தனை பேருக்குக் குணமாயிற்று என்று கூறும் விளம்பரங்களை நாள்தோறும் காண்கிறீர்கள். அந்தச் சிகிச்சை இல்லாமலே எத்தனை பேருக்குக் குணமாயிற்று என்று கேட்டுப் பாருங்கள்.