ஜார்ஸ் ஆஃப் க்ளே: முதல் ஆல்பம்

கிறிஸ்தவ ராக் என்றால் காதைப் பிளக்கும் எலெக்ட்ரிக் கிட்டார்தான் என்று நினைப்பவர்கள் ஜார்ஸ் ஆஃப் க்ளே குழுவின் முதல் ஆல்பத்தைக் கேட்க வேண்டும். அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில், கிரீன்வில் கல்லூரியில் உருவான குழு இது. ஆல்பம் வெளிவந்தது 1995-இல். அக்கூஸ்டிக் கிட்டாரோடு வயலினும் செல்லோவும் இழைகிற இசை.

எனக்கு உயிர், 'ஃப்ளட்' பாடல். தயாரித்தவர் கிங் கிரிம்சன் குழுவின் ஏட்ரியன் பெலு. கிட்டார் மூச்சுவிடாமல் விரட்டுகிறது. நடுவில் சட்டென்று எல்லாம் அடங்க, தந்தி வாத்தியங்கள் நிதானமாக எழுகின்றன, குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்கின்றன, பிறகு மறுபடியும் பாய்ச்சல். மூழ்குகிறவனின் மன்றாட்டு அது. பிரசங்கம் செய்யாமல் மன்றாடியதால்தான், திருச்சபை வாசலையே மிதிக்காதவர்களும் அதை ரேடியோவில் விரும்பிக் கேட்டார்கள் என்று நம்புகிறேன்.