பாட்டுக்கு உரியவர் யார்?

கலை வாழ்வது குருதியிலா, உழைப்பிலா? குடிப்பிறப்பே கலையைக் காக்கிறது என்று கூறுவோர் எல்லா நாட்டிலும் உளர். அவர்கள் சான்றாகக் காட்டுவதற்கு அமெரிக்க நாட்டில் ஒரு குடும்பம் உண்டு, கார்ட்டர் குடும்பம்.

வர்ஜீனியா மாநிலத்து மலையடிவாரச் சிற்றூரில் வாழ்ந்தவர் ஏ. பி. கார்ட்டர். அவரும், மனைவி சாராவும், தம்பியின் மனைவி மேபெலும் 1927 ஆகஸ்டில் பிரிஸ்டல் நகருக்குச் சென்று, விக்டர் நிறுவனத்துக்காக ஆறு பாடல்களைப் பாடிப் பதிவு செய்தனர். மலைநாட்டு எளியோரின் பாட்டு இசைத்தட்டில் ஏறிற்று, நாடெங்கும் ஒலித்தது.

காலம் மாறிற்று. மின்னிசைக் கருவிகள் வந்தன. நகரத்து மெருகு வந்தது. பழம்பாட்டு ஒதுங்கி நின்றது. 1960-இல் ஏ. பி. மறைந்தார். பாட்டைக் காப்பேன் எனத் தந்தைக்கு அளித்த வாக்கை மகள் ஜேனட் மறந்தாரில்லை. 1974-இல், ஐம்பது வயதை எட்டிய நிலையில், தந்தை நடத்திய பழைய கடையிலேயே இசைக் கூட்டம் தொடங்கினார். கடை கொள்ளாத கூட்டம்! தம்பி ஜோ 1976-இல் அரங்கம் ஒன்றை எழுப்பினார். மின்கருவி கூடாது, மது கூடாது என்பது அங்கே விதி. 2005-இல் ஜோவும் 2006-இல் ஜேனட்டும் மறைந்தனர். பின்னர் ஜேனட்டின் மகள் பொறுப்பேற்றார்.

போற்றத்தக்க தொண்டு இது, ஐயமில்லை. ஆனால், இதைக் குருதியின் வெற்றி என்பது பொருந்துமா? அதே குடும்பத்து மேபெலும் அவர் மகளிரும் நாஷ்வில் நகரத்துப் பெருமேடைக்குச் சென்றனர். சிற்றூரில் நின்று பழம்பாட்டுக்குப் பந்தலிட்டவர் ஜேனட். காத்தது குருதியன்று, கொண்ட கொள்கை. மேலும், மின்கருவி விதி புகழ்பெற்ற பாடகர் ஜானி கேஷுக்கு மட்டும் தளர்ந்தது. அவரோ மேபெலின் மருமகன்! உறவு காத்ததா விதியை? இல்லை, உறவுக்காக விதிதான் வளைந்தது.

இனி, மறைக்கப்பட்ட ஒரு பெயருக்கு வருவோம். லெஸ்லி ரிடில் ஒரு கறுப்பினக் கலைஞர்; விபத்தில் ஒரு காலை இழந்தவர். ஏ. பி. கார்ட்டர் ஊர் ஊராகச் சென்று பாட்டுத் திரட்டியபோது உடன் சென்றவர் அவரே. கார்ட்டர் சொற்களை எழுதிக்கொள்வார். ரிடில் மெட்டை நெஞ்சில் ஏற்றிக்கொள்வார். கிதார் வாசிப்பில் மேபெலும் அவரிடம் கற்றுக்கொண்டதுண்டு. ஆனால், திரட்டிய பாடல்கள் பல உரிமைப் பதிவில் ஏறியது கார்ட்டர் பெயரில்! கறுப்பரையும் வெள்ளையரையும் சட்டமே பிரித்து வைத்த காலம் அது. இசைத்தட்டு வணிகரும் கறுப்பர் பாட்டுக்கு ஒரு பட்டியல், வெள்ளையர் பாட்டுக்கு ஒரு பட்டியல் எனப் பிரித்தே விற்றனர். வெள்ளையர் மலையிசையின் அடையாளமாகக் கருதப்படும் பாஞ்சோவோ, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொணரப்பட்ட மக்கள் படைத்த கருவி!

1960-களில் மைக் சீகர் என்ற இசையாளர் ரிடிலைத் தேடிக் கண்டு, அவர் பாட்டை ஒலிப்பதிவு செய்தார். அது தொகுப்பாக வெளிவந்தது 1993-இல். கேட்டு மகிழ அன்று ரிடில் உயிரோடில்லை.

மாணவர் இருவர் கூடி எழுதிய கட்டுரையில் ஒருவன் பெயரை மட்டும் இட்டுவந்தால் நாம் ஏற்போமா? வகுப்பறையில் பிழையாவது வரலாற்றில் மட்டும் பெருமையாகுமா?

ஜேனட்டின் தொண்டைக் குறைப்பது என் நோக்கமன்று. வேலிக்குள் நிற்கும் மரம் வேலியிட்டவரால் பிழைத்தது, உண்மை. ஆனால் வேர் வேலிக்கு அப்பாலும் ஓடுகிறது. பழம்பாட்டைக் காப்போர் பாட்டை மட்டும் காத்தால் போதாது. அதைத் தந்தோர் பெயரையும் காக்க வேண்டும். கார்ட்டர் பெயர் ஒலிக்கும் இடமெல்லாம் ரிடில் பெயரும் ஒலிக்கட்டும். அன்றுதான் அந்தப் பாட்டு முழுமையாகப் பாடப்பட்டதாகும்!