செதுக்கியவர் பெயர் எங்கே?

பள்ளிவாசல் வரலாறு எழுதும் நம்மவர் நூல்களில் ஒரு குறை தொடர்ந்து காணப்படுகிறது. நிலம் ஈந்தவர் யார், விளக்கு வாங்கித் தந்தவர் யார் என்பதெல்லாம் வரிசையாக வரும். தூணைச் செதுக்கியவர் மட்டும் வரமாட்டார். வள்ளல் சீதக்காதியின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் கீழக்கரைப் பழைய ஜும்ஆப் பள்ளியின் கல் தூண்களைப் பாருங்கள். உருவம் தவிர்த்துப் பூவேலை செய்த அந்தக் கை, கோயிற் பணியில் பழகிய கை என்றே எனக்குத் தோன்றுகிறது. அதைச் சொல்ல நம் நூலாசிரியர்கள் ஏன் கூச வேண்டும்?

சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலையில், சூலியா முஸ்லிம்கள் 1826இல் நிறுவிய ஜாமிஆப் பள்ளியும் மாரியம்மன் கோயிலும் அருகருகே நிற்கின்றன. அக்கோயிலின் 2023 குடமுழுக்கிற்காகச் சுதையும் வண்ணமும் புதுப்பிக்கத் தமிழகக் கலைஞர்கள் கடல் கடந்து சென்றனர். பள்ளியைக் கட்டிய கைகளைப் பற்றியோ நம் கட்டுரைகளில் ஒரு வரியும் இல்லை.

கல்வராயன் மலைக்குக் கிழக்கேயுள்ள கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பத்திற்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சியே; எனினும் அது ஊர்ப்பெயருக்குக் கிடைத்த சிறப்பு, உளி பிடித்தவர் பெயருக்கு அன்று. மிம்பரும் கதவும் இழைத்தோருக்குக் கூலி கொடுத்த கணக்கு, பழைய ஜமாஅத் ஏடுகளில் எங்கேனும் இருக்கக்கூடும். அடுத்த திறப்புவிழா மலரைத் தொகுப்போர் அந்தப் பக்கத்தையும் புரட்டட்டும்.