பெட்டிகள் முட்டாமல் நிற்கும் கலை

கெடாவில் இருக்கும் யானில் ரயில் நிலையம் கிடையாது. ரயிலேற வேண்டுமென்றால் குவார் செம்பெடாக் வழியாக ஜெராய் மலையைச் சுற்றிக்கொண்டு குரூணுக்குத்தான் போக வேண்டும். ரயில் இல்லாத ஊர்க்காரர்களுக்குத்தான் ரயில் பைத்தியம் அதிகம் பிடிக்கும் போலிருக்கிறது. பிடித்தவர்களில் சிலர் கணினியின் முன் உட்கார்ந்து, தாங்களே ரயில் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். அவர்களுடைய கைவேலையைப் பற்றித்தான் இங்கே எழுத வந்தேன்.

2001இல் இரண்டு ரயில் சிமுலேட்டர்கள் வந்தன. ஒன்று மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. மற்றது பிரிஸ்பேனில் இருந்த ஆரன் நிறுவனத்தின் ‘ட்ரெய்ன்ஸ்’. மைக்ரோசாஃப்ட்டின் பெட்டிக்குள் ஆறு பாதைகள் இருந்தன: அமெரிக்காவுக்கு இரண்டு, ஜப்பானுக்கு இரண்டு, இங்கிலாந்துக்கு ஒன்று, ஆஸ்திரியாவுக்கு ஒன்று. மலாயாவும் இல்லை, இந்தியாவும் இல்லை. ஆனால் இரண்டுமே ஒரு கதவைத் திறந்து வைத்தன. யார் வேண்டுமானாலும் எஞ்சின், பெட்டி, நிலையம், மரம், சிக்னல் என்று செய்து சேர்த்துக்கொள்ளலாம். அப்படிச் செய்தவற்றை இலவசமாகப் பகிரும் பொது நூலகங்கள் வளர்ந்தன. நம் பக்கத்து ரயில்கள் கணினிக்குள் வந்தது அந்தக் கதவு வழியாகத்தான்.

இப்படிச் செய்து சேர்ப்பவற்றுக்கு ஆட்-ஆன் என்று பெயர். நல்ல ஆட்-ஆனை எப்படி அடையாளம் காண்பது? முன்னோட்டப் படத்தைப் பார்த்து மயங்கக் கூடாது. இரண்டு பெட்டிகளைக் கோத்து, இணைப்பின் அருகே கேமராவைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ட்ரெய்ன்ஸில் ஒவ்வொரு வண்டியின் இரு முனைகளிலும் கண்ணுக்குத் தெரியாத இரண்டு புள்ளிகள் வைக்க வேண்டும். லிம்ஃப்ரண்ட், லிம்பேக் என்று அவற்றுக்குப் பெயர். வண்டி எங்கே முடிகிறது என்பதைச் சிமுலேட்டருக்குச் சொல்பவை அவைதாம். ஒரு சாண் உள்ளே தள்ளி வைத்துவிட்டால் அடுத்த பெட்டி இதன் வயிற்றுக்குள் நுழைந்து நிற்கும். வெளியே தள்ளி வைத்தால் இரண்டுக்கும் நடுவே ஆகாயம் தெரியும். கைதேர்ந்தவர் கப்ளரின் நீளத்தை நிஜ வண்டியில் உள்ளபடி கணக்கிட்டுப் புள்ளியை நிறுத்துவார். நேர்ப் பாதையில் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு விடமாட்டார், வளைவிலும் ஓட்டிப் பார்ப்பார். பெட்டியின் அடியில் சக்கரங்களைத் தாங்கும் போகிகளுக்கும் இப்படிப் புள்ளிகள் உண்டு. அவை தவறினால் வளைவில் பெட்டியின் மூலை பக்கத்துத் தண்டவாளத்து வண்டியை உரசும்.

நம் பாதைக்கு இன்னொரு கண்டமும் உண்டு. மலேசிய ரயில்வேயான கேடிஎம் ஓடுவது மீட்டர் கேஜில், 1,000 மில்லிமீட்டர். உலகத்தின் பெரும்பாலான ஆட்-ஆன்கள் 1,435 மில்லிமீட்டர் பாதைக்குச் செய்தவை. அவசரக்காரர்கள் வெளிநாட்டுப் போகியை இரவல் வாங்கி மாட்டிவிடுவார்கள். தூரத்தில் தெரியாது, தண்டவாள மட்டத்துக்குக் குனிந்தால் சக்கரங்கள் தண்டவாளத்துக்கு வெளியே காற்றில் உருளும்.

இரவல் என்றதும் ஒய்டிஎம்4 நினைவுக்கு வருகிறது. வாரணாசியில் கட்டிய இந்திய மீட்டர் கேஜ் டீசல் எஞ்சின் அது. தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் மீட்டர் கேஜில் போனவர்களுக்குப் பழக்கமான முகம். தொண்ணூறுகளில் அந்த எஞ்சின்கள் சில குத்தகைக்குக் கப்பலேறி இங்கே வந்து கேடிஎம்முக்கு உழைத்தன. ஊர் மாறினாலும் தண்டவாள அகலம் ஒன்றுதானே! சிமுலேட்டரில் இதைச் செய்யச் சுலபமான வழி, இந்திய ரசிகர் ஒருவர் செய்த ஒய்டிஎம்4-ஐ எடுத்து மலேசிய வண்ணம் பூசுவது. ரீஸ்கின் என்பார்கள். இங்கேதான் குணம் தெரியும். முதலில் செய்தவரிடம் அனுமதி கேட்டு, அதை ரீட்மீ கோப்பில் எழுதி, உடல் அவருடையது, பூச்சு மட்டும் என்னுடையது என்று சொல்பவர் ஒரு ரகம். பேசாமல் தன் பெயரைப் போட்டுக்கொள்பவர் இன்னொரு ரகம். கட்டுக்கோப்பான நூலகம் இரண்டாம் ரகத்தை வாசலிலேயே நிறுத்திவிடும்.

வண்ணத்தோடு வேலை முடிவதில்லை. ஒய்டிஎம்4-இன் ஆல்கோ எஞ்சினுக்கு ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர்கள். இந்திய அகலப்பாதை எஞ்சினான டபிள்யூடிஎம்2-க்குப் பதினாறு. அகலப்பாதை எஞ்சினின் ஒலிப்பதிவை எடுத்து இதற்குள் போட்டால், சின்ன உடம்பிலிருந்து பெரிய குரல் வரும். காது பழகியவருக்கு அது பொறுக்காது. பூச்சிலும் ஒரு நிதானம் வேண்டும். பிரேக் தூசு போகியைச் சுற்றிப் பழுப்பாகப் படியும், புகை கூரையில் ஏறும், மழை பக்கவாட்டில் கோடிழுக்கும். கெடா மழையில் நனைந்த வண்டி என்று காட்ட இவ்வளவு போதும். உடல் முழுக்கத் துரு ஏற்றி வைப்பது புதியவர்களின் ஆசை.

எனக்கு அதிகம் பிடித்தது நிலம் செய்யும் வேலை. பாதை அமைப்பவர்கள் மலை, மேடு, பள்ளத்தைக் கையால் எழுப்புவதில்லை. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் ரேடாரால் எடுத்த உயரத் தரவைத்தான் பெரும்பாலும் இறக்குகிறார்கள். ஜெராய் அதில் அழகாக எழும்பிவிடும். 1,200 மீட்டருக்கு மேல் உயரமான மலை. வடக்கே போகும் ரயிலின் இடப்பக்கச் சன்னலில் நெடுநேரம் கூடவே வரும். வம்பு சமவெளியில்தான். அந்த ரேடார் அலை மண்வரை முழுதாக இறங்காது, அடர்ந்த மரங்களின் தலையோரமே திரும்பிவிடும். அதனால் ரப்பரும் செம்பனையும் நின்ற தோட்டங்கள் தரவில் மேடுகளாகப் பதிந்திருக்கின்றன. தோட்டம் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் நிலம் சட்டென்று படி இறங்கும். அனுபவமில்லாதவர் அதைக் குன்று என்று எண்ணி அப்படியே விட்டு, மேலே மரத்தையும் நடுவார், மரத்தின்மேல் மரம். தெரிந்தவர் ஒவ்வொரு மேடாக இறக்கிச் சமப்படுத்துவார். இதற்கிடையில் மரம் வெட்டி வீட்டுமனையாகிப்போன தோட்டங்களும் உண்டு. 2000இல் அவை நின்ற எல்லை மட்டும் அந்தத் தரவில் அப்படியே கிடக்கிறது.

அப்புறம் சாமான்கள். ஒரு பாதைக்குள் உலகம் முழுவதிலிருந்தும் எடுத்த பொருள்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ட்ரெய்ன்ஸில் ஒரு குயிட் எண், அதற்குள்ளேயே செய்தவரின் எண்ணும். சமர்ப்பிக்குமுன் இந்தப் பொருள்களின் சார்புப் பட்டியலைச் சரிபார்க்கத்தான் பெரிய பொறுமை வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் இறக்கியவரின் திரையில் சிக்னல் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். எல்லாம் இருந்தாலும் பொருந்த வேண்டுமே! குரூணுக்குப் பக்கத்தில் ஆஸ்திரேலிய யூக்கலிப்டஸ் தோப்பும் இங்கிலாந்துப் புகைபோக்கி வீடும் வைத்த பாதையை ரசிக்க எனக்கு மனமில்லை. தகரக் கூரை லயமும் வாய்க்கால் ஓரத்து வாழையும் செய்ய ஆள் வேண்டும்.

கடைசியில் நூலகத்தில் சேர்க்க நிரப்பும் படிவத்தைப் பலர் தொல்லை என்பார்கள். சின்ன முன்னோட்டப் படம், நாட்டுக் குறியீடு, உரிமம், காலம். இந்தக் ‘காலம்’ என்ற கட்டம்தான் பரீட்சை. கெடா வழியாகப் போகும் நம் பாதை 1915இல் அலோர் ஸ்டாரை எட்டி, 1918இல் பாடாங் பெசாரில் சயாம் ரயிலோடு சேர்ந்தது. நாற்பதுகள் என்று குறித்தால், தோட்டத்துத் தமிழர்களைச் சரக்குப் பெட்டிகளில் அடைத்துச் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோன பாதையைக் குறிக்கிறீர்கள். அதில் எதை ஓட்டுவது என்பதை யோசித்துத்தான் செய்ய வேண்டும். 2014இல் முடிந்த இரட்டைப் பாதை வேலைக்கு முன் என்றால் ஒற்றைத் தண்டவாளம், மின்கம்பியே கூடாது. 2015 ஜூலையில் ஈடிஎஸ் மின்சார ரயில் பாடாங் பெசார்வரை வந்தபின் என்றால் 25 கிலோவோல்ட் கம்பி, கம்பங்கள், மேம்பாலங்கள் எல்லாம் வேண்டும். இரண்டையும் கலந்து வைத்தவரின் பாதையை நான் இரண்டாம் முறை திறப்பதில்லை.

கெடாவில் இதைச் செய்யக்கூடிய பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு வேண்டுகோள்: எடுத்த எடுப்பில் ஈடிஎஸ் வண்டியில் கை வைக்காதீர்கள். அலோர் ஸ்டாரில் மணிக்கூண்டோடு பழைய நிலையக் கட்டடம் இன்னும் நிற்கிறது. பொது இடத்தில் நின்று நாலு பக்கமும் படமெடுத்து, அதை மட்டும் சுத்தமாகச் செய்து, உரிமத்தைத் தெளிவாக எழுதி நூலகத்தில் போடுங்கள். அதுவும் பெரிதாகத் தெரிந்தால் குரூண் பெயர்ப்பலகையில் தொடங்கலாம்.