102 மில்லி இடை

போன மார்கழி முழுக்க எங்கள் வீட்டுக் கூடத்தில் மூன்று ஜோடி ஸ்கீ கிடந்தது. சிங்கப்பெருமாள் கோவிலில் பனி என்றால் விடிகாலையில் புல்நுனியில் நிற்கிற பொட்டுத் தண்ணீர்தான். ஏழரை மணிக்கு அதுவும் இருக்காது. பனிச்சறுக்குப் பலகைகளுக்கு இந்த ஊரில் என்ன வேலை என்று பால்காரர் முதல் கேஸ் சிலிண்டர் போட வந்தவர் வரை கேட்டுவிட்டார்கள்.

கொண்டுவந்து போட்டவன் அக்கா மகன். ஒரகடம் பக்கம் ஒரு வாகன ஆலையில் சஸ்பென்ஷன் பிரிவில் இன்ஜினீயர். தை பிறந்தால் காஷ்மீரில் குல்மார்க் போய்விடுவான். இத்தனை வருஷம் அங்கேயே வாடகைக்கு எடுத்துச் சறுக்கிக்கொண்டிருந்தவனுக்கு, வெளிநாட்டிலிருந்து திரும்பிய கூட்டாளி ஒருவன் தன் பழைய ஸ்கீக்களைக் காட்டி "எது வேணுமோ எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டான். மூன்றையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான் இவன். விமானத்தில் ஒரு ஜோடிதான் போகும். "நீங்க பாத்துச் சொல்லுங்க மாமா" என்றான்.

பனியை நான் ஃப்ரீஸரில்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் மறைமலை நகரில் முப்பத்திரண்டு வருஷம் ஃபிட்டராக இருந்தவன். ஒரு பொருளைக் கையில் கொடுத்தால் அது எதற்காக இப்படி வளைந்திருக்கிறது, இங்கே ஏன் ஒரு மில்லி குறைந்திருக்கிறது என்று தேடுவது என் வியாதி. பெட்டியைத் திறந்து வெர்னியரை எடுத்தேன்.

முதல் பார்வைக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான் இருந்தன. மூக்கு தூக்கிய நீளப் பலகை, வண்ணச் சித்திரம், அவ்வளவுதான். அகலம் மட்டும் வேறு வேறு. அப்புறம் ஒன்றை மொசைக் தரையில் வைத்து, கன்னம் தரையில் படுகிற மாதிரி படுத்துக்கொண்டு பார்த்தேன். அவன் அந்தப் பக்கத்திலிருந்து செல்போன் டார்ச்சை அடித்தான். பலகையின் நடுவில், கால் வைக்கிற இடத்துக்கு அடியில், தரைக்கும் அதற்கும் இடையே நூல் மாதிரி ஒரு வெளிச்சக் கீற்று ஓடியது. எங்கள் கோயிலில் பட்டாச்சாரியார் தீபத்தைப் பிடித்துக்கொண்டு நரசிம்மரின் நெற்றித் திருமண்ணைச் சற்றே விலக்கிக் காட்டுவார். அதன் பின்னால் மூன்றாவது கண் தெரியும். அத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருந்த முகம் அந்த ஒரு கணத்தில் வேறு முகமாகிவிடும். டார்ச் வெளிச்சத்தில் அந்தப் பலகைக்கும் அதுதான் நடந்தது.

அந்தக் கீற்றுக்குப் பெயர் கேம்பர். எனக்கு அது கமான். ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிக்குப் பட்டை கட்டுகிற பட்டறைகளில் பார்த்திருப்பீர்கள். பாரம் இல்லாதபோது வில்லாக நிற்கும், பாரம் ஏறினால் நிமிரும். ஸ்கீயும் அப்படித்தான். ஆள் ஏறி நின்றால் நடு அமுங்கி, பலகை முழுக்கத் தரையைத் தொடும். நிமிர்ந்த வில் மறுபடி வளையப் பார்க்குமல்லவா, அந்த அழுத்தம் மூக்குப் பக்கமும் வால் பக்கமும் போய் விளிம்பை இறுகிய பனியில் பதிக்கும். ஸ்கேலை உள்ளே விட்டுப் பார்த்தேன். ஒடுக்கமானதில் 7 மில்லி, நடுத்தரத்தில் 4, அகலமானதில் 2. மூன்று பலகைகளின் சுபாவமும் அந்த மூன்று எண்ணில் பாதி தெரிந்துவிட்டது.

மீதிப் பாதி மூக்கில் இருந்தது. ஒடுக்கமானதன் மூக்கு கடைசி ஒரு சாண் வரும்போதுதான் தரையை விட்டு எழும்புகிறது. அகலமானது இரண்டரைச் சாணுக்கு முன்பே, யாருக்கும் தெரியாமல், மெல்ல எழத் தொடங்கிவிடுகிறது. நடுத்தரத்துக்கு ஒன்றரைச் சாண். இப்படி முன்கூட்டியே எழும் வளைவை ராக்கர் என்கிறார்கள். நம் கட்டுமரத்தின் முன்மூக்கும் இப்படித்தான், அலையைக் குத்தாமல் ஏறுவதற்காக நிமிர்ந்திருக்கும். ஸ்கீக்காரர்களும் இதைத் தண்ணீரிலிருந்துதான் எடுத்தார்கள். 2000-களின் தொடக்கத்தில் ஷேன் மெக்காங்கி என்ற சறுக்கல்காரர், பொடிப்பனி தண்ணீரைப் போல நடந்துகொள்ளும்போது அதற்கான பலகை ஏன் தண்ணீர்ச் சறுக்குப் பலகைபோல இருக்கக்கூடாது என்று பிடிவாதம் பிடித்து, கமானையே தலைகீழாகத் திருப்பி ஸ்பாட்டுலா என்று ஒரு ஸ்கீ செய்ய வைத்தார். தோசைத் திருப்பிதான் பெயர். அதன் பேரப்பிள்ளைதான் எங்கள் கூடத்தில் கிடந்த அகலக்காரன்.

பனி எல்லாம் ஒரே பனிதானே, அதற்கு ஏன் இத்தனை பாடு என்று அக்கா கேட்டாள். அடுப்படியில் பாகு வைத்துக்கொண்டிருந்தவள் கேட்கக்கூடாத கேள்வி. வெல்லம் ஒன்றுதான், கம்பிப் பதத்தில் ஒன்று, உருட்டுப் பதத்தில் வேறொன்று. பனிக்கும் பதம் உண்டு. குல்மார்க் ஊர் 2,650 மீட்டர் உயரம். 1998-ல் முதல் கட்டமும் 2005-ல் இரண்டாம் கட்டமுமாக வந்த கோண்டோலா என்ற ரோப்கார், அஃபர்வத் மலையில் ஏறத்தாழ 3,950 மீட்டருக்குக் கொண்டுபோய் விடுகிறது. டிசம்பர் 21-ல் தொடங்கும் சில்லை கலான் என்ற நாற்பது நாள் கொடுங்குளிரில், மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்தியக் காற்றுச் சலனங்கள் அங்கே பனியைக் கொட்டுகின்றன. கொட்டின பனி கொட்டினபடி இருப்பதில்லை. முகட்டில் காற்று அதை அடித்து இறுக்கிப் பாலேடு மாதிரி ஆக்கிவிடும். ஏடு சில இடத்தில் ஆளைத் தாங்கும். சில இடத்தில் தாங்குகிறேன் என்று சொல்லிவிட்டு உடையும். கொஞ்சம் கீழே காற்றுக்கு மறைவான குழிவுகளில் சலித்த அரிசி மாவு. வெயில் படும் சரிவில் மேலே பப்படம், கீழே மாவு. அப்புறம் பூர்ஜ மரங்கள், ஓலைக்குப் பதில் அந்த நாட்டார் எழுதின பட்டை தந்த மரம். அதற்கும் கீழே ஊசியிலைக் காடு. தங்மார்க் பக்கம் இறங்கினால் பகலில் உருகி இரவில் உறைந்த மாட்டுக்கால் தடம். மார்ச் மாதம் போனால் இன்னொரு பதம்: ராத்திரி உறைந்தது காலை வெயிலில் ஜவ்வரிசியாகத் தளர்கிற ஒரு மணி நேரம். அதற்கு முன்னால் போனால் கண்ணாடி, பின்னால் போனால் கஞ்சி.

ஒரே இறக்கத்தில் நாலைந்து பதம். காலில் இருப்பது ஒரே பலகை. தேர்வு கடினமாவது இங்கேதான்.

வெர்னியர் வேலை வந்தது. ஸ்கீயின் ஒடுங்கின நடுப்பகுதியை இடுப்பு என்பார்கள். தமிழில் இடை என்று சொன்னால் கவிராயர்கள் எல்லாம் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். 19-ஆம் நூற்றாண்டில் நார்வேயின் டெலிமார்க் பக்கத்து ஏழைக் குடியானவர் சோண்ட்ரே நோர்ஹெய்ம் இப்படி இடை ஒடுங்கின ஸ்கீயைப் பிரபலமாக்கினார். அதுவரை பலகை நேராகப் போகும். அதற்கப்புறம் சாய்த்தால் தானே திரும்பும். நடுத்தரத்தை அளந்தேன்: மூக்கில் 132, இடையில் 102, வாலில் 122. இரண்டு பக்கமும் உள்வாங்கியிருப்பது சராசரியாகப் பன்னிரண்டரை மில்லி. அரை அங்குலம்! அந்த வில்லை நீட்டிக்கொண்டே போனால் இருபத்தொரு மீட்டர் ஆரமுள்ள வட்டம் வருகிறது. மலைச்சரிவில் மனிதன் போடுகிற அத்தனை பெரிய வளையமும் இந்த அரை அங்குலத்துக்குள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. கடைசலில் அரை அங்குலத்தை நாங்கள் தேவையில்லாத சீவலாகக் கூட்டித் தள்ளுவோம்.

அகலமானதன் இடை 114, ஒடுக்கமானது 86. மாவில் மிதக்க 114 அருமை. ஆனால் இறுகின சரிவில் பக்கவாட்டில் நின்று பாருங்கள். ஆளைத் தாங்குவது ஒரு விளிம்பு மட்டும். பாதத்தின் நடுவிலிருந்து அது 57 மில்லி தள்ளி இருக்கிறது. ஒடுக்கமானதில் 43. பதினாலு மில்லி நீண்ட ஸ்பேனரைக் கணுக்காலுக்கு எதிராக யாரோ பிடித்து நாள் முழுக்கத் திருகிக்கொண்டே இருப்பதற்குச் சமம். ஃபிட்டருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எடை? ஒரு பலகைக்கு அகலமானது 1,950 கிராம், நடுத்தரம் 1,580, ஒடுக்கமானது 1,150. கோண்டோலா இருக்க எதற்கு எடைக் கவலை என்றேன். பெரும்பனி கொட்டினால் மேல் கட்டத்தை நிறுத்திவிடுவார்கள், அதன் பிறகும் முகட்டுக்குப் பின்னால் இருக்கும் குழிவுகளிலிருந்து தன் காலால்தான் ஏறி வர வேண்டும் என்றான். மணிக்கு இரண்டாயிரம் எட்டு வைக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். எட்டுக்கு 370 கிராம் மிச்சம் என்றால் ஒரு மணி நேரத்தில் 740 கிலோ. அப்படியானால் ஒடுக்கமான பஞ்சையே எடுத்துக்கொள் என்று சொல்லத் தோன்றும். நானும் சொன்னேன். அவன் பதில் பேசாமல் அதன் வாலைத் தரையில் ஊன்றி, மூக்கைப் பிடித்து, உள்ளங்கையால் நடுவில் ஒரு தட்டு தட்டினான். பலகை 'ட்ர்ர்ர்' என்று நடுங்கி, கொஞ்ச நேரம் நடுங்கிக்கொண்டே இருந்தது. "கார்பன், மாமா. லேசு, விறைப்பு. ஆனா அதிர்வை முழுங்காது." நடுத்தரத்தைத் தட்டினான். 'தொம்'. அவ்வளவுதான். உள்ளே பாலோனியா மரத்தோடு கொஞ்சம் ஆஷ் மரமும் சேர்த்து ஒட்டியிருக்கிறார்கள். லேசானது பாலோனியா, அதிர்வை உட்கார வைப்பது ஆஷ். ஷாக் அப்சார்பர் பிழைப்புக்காரன் தன் காதை எதில் பழக்கியிருக்கிறான் என்று அன்றைக்குப் பார்த்தேன். பலாப்பழக் கடையில் எங்கள் அப்பா தட்டிக் கேட்பதும் இதே முகத்தோடுதான்.

புரட்டிப் போட்டோம். அடிப்பாகம் கறுப்பு பிளாஸ்டிக். மிக நீண்ட மூலக்கூறுச் சங்கிலி கொண்ட பாலிஎத்திலீன். அக்காவுக்கு மூட்டு மாற்றியபோது உலோகத்துக்கு நடுவே வைத்ததும் இதே குடும்பத்துப் பிளாஸ்டிக்தான். "அம்மா முட்டியும் என் ஸ்கீயும் ஒரே ஜாதி" என்று அவன் சொன்னதற்கு அடுப்படியிலிருந்து வசவு வந்தது. சாய்த்துப் பிடித்தால் அதில் தலைமுடி மெல்லிசில் கோடுகள். வழவழப்பாக இருந்தால்தானே வழுக்கும் என்று நினைத்திருந்தேன். அடியில் சேரும் நீர்ப்படலம் பலகையைப் பிடித்துக்கொள்ளாமல் வழிந்தோட அந்தக் கோடுகள் வேண்டுமாம். ஈரக் கண்ணாடி இரண்டு ஒட்டிக்கொள்வதைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

எஃகு விளிம்பின் கூரைப் பார்க்க அவன் கட்டைவிரல் நகத்தை அதன்மேல் இழுத்தான். மெல்லிய வெள்ளைத் தூள் விழுந்தது. அரிவாள்மனைக்குச் சாணை பிடிக்கிறவரும் நகத்தில்தான் பார்ப்பார். விளிம்பு நேர் 90 பாகை இல்லை. அடியில் ஒரு பாகை, பக்கத்தில் இரண்டு பாகை சீவியிருக்கிறது. மூக்கருகே மட்டும் வேண்டுமென்றே மழுக்கல். அங்கே கூர் இருந்தால் உடைகிற பாலேட்டில் கொக்கி போட்டு ஆளைக் கவிழ்த்துவிடும். கூராக்கத் தெரிந்தவர்கள் ஊரில் நிறைய. எங்கே மழுக்க வேண்டும் என்று தெரிந்த கையைக் கண்டால் எனக்கு எப்போதும் ஒரு கும்பிடு போடத் தோன்றும்.

பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் கட்டு பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. ஆஸ்திரியாவின் ஃபிரிட்ஸ் பார்த்தெல் 1984-ல் வடிவமைத்த வழி: பூட்ஸின் முன்மூக்கில் இரண்டு குழி, அதில் இரண்டு எஃகு முனை. ஏறும்போது குதிகால் விடுதலை, இறங்கும்போது பூட்டு. அழகான யோசனை, ஆனால் அதில் பார்த்துக்கொண்டே இருக்க ஒன்றுமில்லை.

பார்த்துக்கொண்டே இருக்க வைத்தது தோல். வழுக்குவதற்கென்றே செய்த பொருளை மேட்டில் எப்படி ஏற்றுவது? அடியில் ஒட்டிக்கொள்ள நீளப் பட்டை ஒன்று இருக்கிறது. ஆதியில் கடல்நாய்த் தோல். அதனால் இன்றைக்கும் பெயர் 'ஸ்கின்'. இப்போது அங்கோரா ஆட்டு ரோமம் எழுபது பங்கு, நைலான் முப்பது. ரோமம் நன்றாக வழுக்கும், நைலான் தேயாமல் உழைக்கும். மடியில் போட்டு மூக்கிலிருந்து வாலுக்குத் தடவினேன், பூனை முதுகு. எதிர்ப்பக்கம் தடவினேன், ஒவ்வொரு மயிரும் சிலிர்த்து விரலை மறித்தது. சின்ன வயதில் சுணையுள்ள புல்கதிரைச் சட்டைக் கைக்குள் விட்டு, அது தானாக ஏறி அக்குளுக்கு வருவதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோமே, அதே சூத்திரம். முன்னால் தள்ளினால் நழுவும், பின்னால் சரிந்தால் பிடிக்கும். காலைத் தூக்கவே வேண்டியதில்லை, இழுத்து நகர்த்தினால் போதும். பட்டையை ஸ்கீயின் இடைக்குத் தக்கபடி வெட்டியிருந்தார்கள், இரண்டு ஓரமும் இரண்டு இரண்டு மில்லி விட்டு. அந்த எஃகு விளிம்பு திறந்திருந்தால்தான் குறுக்குச் சரிவில் பிடிமானம். இந்த இரண்டு மில்லியைக் கத்தரித்த கை யாருடையதோ, ரவிக்கைக்கு ஓரம் அடிக்கிற டெய்லரின் நிதானம் அதில் இருந்தது.

மூன்று நாள் பார்த்த பிறகு சொன்னேன்: நடுவுள்ளதை எடு. மாவில் அகலக்காரன் அதை ஜெயிப்பான். ஏற்றத்தில் பஞ்சு ஜெயிக்கும். கண்ணாடிச் சரிவிலும் பஞ்சின் ஏழு மில்லி கமான்தான் ஒரு பிடி கூடுதலாகப் பிடிக்கும். எதிலும் முதலிடம் வராத பலகை. ஆனால் அந்த மலையில் காலையிலிருந்து சாயங்காலத்துக்குள் எல்லாமே வருகிறது. பகலுமில்லை இரவுமில்லை, உள்ளுமில்லை வெளியுமில்லை என்று வரம் வாங்கினவனுக்கு எங்கள் ஊர்ச் சாமி அந்தி நேரத்தில் வாசற்படியில் உட்கார்ந்து பதில் சொன்னார். இடைப்பட்ட இடத்துக்கு இடைப்பட்ட வடிவம். அவன் சிரித்தான். அவனுக்கும் அதுவே மனதில் இருந்திருக்கிறது. என் வாயால் வரட்டும் என்று காத்திருந்தான், திருடன்.

அக்காவுக்கு மட்டும் ஆறவில்லை. பனிச்சரிவு பற்றி டி.வி.யில் பார்த்திருக்கிறாள். மண்வாரி, துழாவு கம்பி, புதைந்தால் சைகை தரும் கருவி எல்லாவற்றையும் அவன் வரிசையாக எடுத்துக் காட்டியது அவளை இன்னும் கலவரப்படுத்தியது. "தெக்கத்தி ஆளுக்கு எதுக்குடா இந்தப் பனி?" என்றாள். 1948-ல் குல்மார்க்கில் ராணுவத்துக்கு ஸ்கீ பள்ளியைத் தொடங்கி வைத்த திம்மய்யா குடகுக்காரர், காவேரித் தண்ணி குடித்தவர் என்று பதில் வந்தது. "அவர் ஜெனரல்டா" என்று சொல்லிவிட்டுப் பொட்டலத்தில் முறுக்கைக் கட்டினாள்.

கிளம்பின அன்று விடிகாலை எலக்ட்ரிக் ட்ரெயினில் திரிசூலம் வரை நானும் போனேன். பையோடு ஆளுயரத்துக்கு மேல் நின்றது ஸ்கீ. கதவோரம் அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றான். வண்டலூரில் ஏறின பூக்கார அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு மேலும் கீழும் பார்த்தார்.

"என்னா தம்பி, நாதஸ்வரமா?"

"இல்லீங்கம்மா, பனியில சறுக்கறது."

அந்த அம்மா பையை ஒரு விரலால் மேலிருந்து கீழே தடவிக்கொண்டு வந்தார். நடுவில் விரல் நின்றது.

"இங்க ஒடுங்குதே," என்றார்.