சான்று சொல்லும் சரித்திரங்கள்

தமிழில் வாழ்க்கை வரலாறு படிக்கத் தொடங்குகிறவர் முதலில் உ.வே.சாமிநாதையரிடம்தான் போகவேண்டும். 1933, 1934 ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக அவர் வெளியிட்ட மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் சரித்திரம் குருபக்தி நிரம்பிய நூல். ஆனாலும் பிள்ளையவர்கள் பட்ட பணமுடையை அது மூடி மறைக்கவில்லை. அவருடைய ‘என் சரித்திரம்’ 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. 1942இல் அவர் மறைந்ததால் முற்றுப்பெறாமல் நின்றுவிட்டது.

1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரை அவர் சந்தித்த இடத்தை நிதானமாகப் படிக்கவேண்டும். தாம் பாடங்கேட்ட அந்தாதி, கலம்பகம், கோவை, பிள்ளைத்தமிழ் என்று ஐயர் அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியார் அசையவே இல்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். ஐயர் படித்ததில்லை. கல்லூரித் தமிழாசிரியர் ஒருவர் தம் படிப்பின் போதாமை வெளிப்பட்ட நேரத்தை மழுப்பாமல் எழுதிவைத்திருக்கிறார். தன்வரலாற்றை நான் அளப்பது இந்தத் துணிவைக் கொண்டுதான்.

தலைவர்களைப் பற்றிய நூல்கள் வேறு ரகம். ம.பொ.சிவஞானம் வ.உ.சி.யைப் பற்றி எழுதிய ‘கப்பலோட்டிய தமிழன்’, சாமி சிதம்பரனார் பெரியாரைப் பற்றி எழுதிய ‘தமிழர் தலைவர்’ இரண்டும் இயக்கத்தின் சூட்டிலேயே பிறந்தவை. நாயகரைக் கேள்வி கேட்பது அவற்றின் வேலை அல்ல. ஆகவே இவற்றுக்குத் துணைநூல் வேண்டும், வ.உ.சி.யைப் படிக்கிறவர் அவரே செய்யுளில் எழுதிய சுயசரிதையையும் சேர்த்துப் படிக்கட்டும். பாரதிக்கு வ.ரா. எழுதியதில் நண்பரின் உணர்ச்சி தெரியும், செல்லம்மா பாரதி சொன்னதில் வீட்டு வாழ்க்கை தெரியும். ரா.அ.பத்மநாபனின் ‘சித்திர பாரதி’ படங்களையும் ஆவணங்களையும் தேடித் திரட்டித் தந்தது. மூன்றையும் படித்தபிறகே பாரதி ஒரு முழு மனிதராக நமக்குக் கிடைக்கிறார்.

அரசர் வரலாற்றில் தி.வை.சதாசிவ பண்டாரத்தாரின் ‘பிற்காலச் சோழர் வரலாறு’ இன்றும் தலைநிமிர்ந்து நிற்கிறது. மெய்க்கீர்த்தி என்பது அரசன் புகழ் பாடும் பகுதி. அதில் வரும் போர்ச் செய்தியை அப்படியே நம்பிவிடாமல், ஆட்சியாண்டையும் பிற கல்வெட்டுகளையும் ஒப்பிட்டுத்தான் காலம் கணிக்கவேண்டும். அந்த உழைப்பை இந்நூலின் அடிக்குறிப்புகளில் காணலாம். அவற்றைத் தாண்டிப் போகாதீர்கள். மயிலை சீனி. வேங்கடசாமியின் ‘மறைந்துபோன தமிழ் நூல்கள்’ எனக்கு இன்னும் நெருக்கமானது. உரையாசிரியர்கள் மேற்கோள் காட்டிய துணுக்குகளைப் பொறுக்கியெடுத்து, காணாமற்போன நூல்களுக்கு ஒரு பதிவேடு செய்துவைத்தார் அவர்.

இந்த மரபு நெடுங்காலம் அரண்மனையையும் மடத்தையும் புலவர் வீட்டையுமே சுற்றிவந்தது. அதைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர்களில் ஆ.சிவசுப்பிரமணியனும் தொ.பரமசிவனும் முக்கியமானவர்கள். 1911இல் மணியாச்சியில் நடந்த கலெக்டர் ஆஷ் கொலையைப் பற்றிச் சிவசுப்பிரமணியன் தனிநூலே எழுதினார். நாட்டார் வழக்காறுகளையும் சான்றாக ஏற்று அடித்தள மக்கள் வரலாற்றை எழுதிவருபவர் அவர். தொ.ப.வின் ‘அழகர் கோயில்’ ஒரு பல்கலைக்கழக ஆய்வேடு. ஆய்வேடு என்ற பெயரைக் கேட்டுப் பயப்படவேண்டாம். கள்ளரும் இடையரும் வலையரும் பள்ளரும் பறையரும் அந்தக் கோயிலோடு கொண்ட உறவை அது ஒவ்வொன்றாக விசாரிக்கிறது. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதை ஒருமுறை பார்த்தவர்கள், அடுத்த ஆண்டு போவதற்குள் இதைப் படித்துவிடவேண்டும்.