நடக்கிற கடையும் தவணைக் கிரயமும்

புதிதாய்க் கடை திறந்து வாடிக்கைக்காகக் காத்துக் கிடப்பதைக் காட்டிலும், பல்லாண்டுகளாக நடந்து வருகிற ஒரு மளிகைக் கடையைக் கைமாற்றி வாங்கிக்கொள்வதே உத்தமம் என்ற அபிப்பிராயம் நம் சிறு வியாபாரிகளிடையே வேரூன்றிய ஒன்று. அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. தராசுக்கும் அலமாரிக்கும் அரிசி மூட்டைக்கும் விலை போடுவது எளிது. ஆனால், விடிந்ததும் பால் பாக்கெட்டுக்காக அந்தப் படியேறியே பழகிவிட்ட ஜனங்களின் கால்களுக்கு என்ன விலை போடுவது, போட்ட பின் அந்தப் பணத்தை எங்கே புரட்டுவது என்பதில்தான் சங்கடம் தொடங்குகிறது.

2015-இல் முத்ரா திட்டம் தொடங்கியபோதே, ஈடு கேட்காமல் பத்து லட்ச ரூபாய் வரையில் கடன் தருவதற்குப் பாங்குகளுக்கு வழி ஏற்பட்டது. எனினும், குளிர்பெட்டிக்குக் கொட்டேஷன் வாங்கிக்கொண்டு கடன் கொடுக்கிற மானேஜர், கடையின் நற்பெயருக்குக் கொடுக்கப் பெரும்பாலும் துணிவதில்லை. துணிந்தாலும், வரிக்குப் பயந்து குறைத்து எழுதி வந்த கணக்கு, கடனுக்காக ஒரே இரவில் வளர்ந்துவிடுவதுமில்லை. ஏலச்சீட்டோ அவசரக்காரனிடம் இரக்கம் அறியாதது. ஐந்து லட்ச ரூபாய்ச் சீட்டை ஒன்றேகால் லட்சம் தள்ளி இரண்டாம் மாதமே எடுப்பவன் கைக்கு வருவது மூன்றேமுக்கால் லட்சந்தான். தண்டல்காரரைப் பற்றிப் பேசாதிருப்பதே நலம்.

ஆகவேதான், விலையில் ஒரு பகுதியை மட்டும் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டு, மீதியைக் கடையின் கல்லாவிலிருந்தே மாதத் தவணையாகக் கட்டித் தீர்க்கும்படி விற்பவரே விட்டுவைக்கிற வழக்கம் பிறந்தது. வட்டி குறைவு என்பதை இதன் பிரதான சிறப்பாக நான் கருதவில்லை. நாள் விற்பனை இருபதாயிரம் என்று சொல்லி விலை பேசியவர், அந்தச் சொல் பொய்த்தால் தம் பாக்கியும் சேர்ந்தே மூழ்கும் என்பதை அறிந்து சொல்லுகிறாரே, அதுவே எந்த ஆடிட்டரும் தர இயலாத ஜாமீன். நான் அறிந்த ஒரு கடையில், சரக்கு இருப்பெடுத்த இரவு இரண்டு மணி வரை மூட்டை மூட்டையாக நிறுத்துக் குறித்த பெரியவர், மறுநாள் முதல் ஒரு மாத காலம் புதியவனுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம், "இனிமே தம்பிதான் கடையைப் பாத்துப்பான், எனக்குக் கொடுத்த ஆதரவை அவனுக்கும் கொடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாங்குக் கடனில் இந்த முக்காலி கிடைக்காது.

எனினும், இவ்வளவு மேன்மையுள்ள ஓர் ஏற்பாடு பெரும்பாலும் வாய்ச்சொல்லிலும் ஒரு புரோநோட்டிலும் அடங்கிவிடுகிறது என்பதே இதன் பெருங்குறை. மூன்றாண்டில் காலாவதியாகும் அந்த நோட்டின் பின்புறத்தில் வரவு எழுதி வைக்காமல் ஏமாந்த விற்பவர்களும் உண்டு. கட்டடச் சொந்தக்காரரின் எழுத்து மூலமான சம்மதமின்றிக் கைமாறிய கடையில் முதலுக்கே மோசம் வரலாம். வசூலாகாத பற்றுகளையும் சொத்தென்று விலையில் சேர்ப்பது வேறு. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 85-ஆம் பிரிவு, கைமாறும் நாள் வரையிலான வரிப் பாக்கிக்கு விற்றவரையும் வாங்கியவரையும் சேர்த்தே பொறுப்பாக்குகிறது என்பதை, நோட்டீஸ் வந்த பிறகே பலர் அறிகிறார்கள்.

இவை யாவற்றினும் கொடியது, விலை கொடுத்து வாங்கிய நற்பெயர் விற்றவரோடேயே எழுந்து போய்விடுவது. தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று பொதுவாக விதிக்கிற 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவே, நற்பெயரை விற்றவருக்கு மட்டும் விலக்கு வைத்து, நியாயமான ஓர் எல்லைக்குள் அதே வியாபாரத்தைச் செய்வதில்லை என்று அவரிடம் எழுதி வாங்க இடந்தருகிறது. அந்த ஒரு வாசகத்தைப் பத்திரத்தில் எழுதாமல் தவணைக்கு உடன்படுபவன், பாதிக் கடையைத்தான் முழு விலைக்கு வாங்குகிறான் என்பது என் தீர்மானம். எழுதிக் கேட்டால் மனஸ்தாபம் வரும் என்று நம்மவர்கள் கூசுகிறார்கள்.

முன்னர்ச் சொன்ன கடையிலும் யாரும் கேட்கவில்லை. கடைசித் தவணை தீர்ந்த மறு மாதமே பெரியவரின் மகன் நாலு வீடு தள்ளிக் கடை திறந்தான். அதே முக்காலி இப்போது அங்கே கிடக்கிறது.